ஜெமியின் சிவப்பு அம்புகள்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஜோசுவா மாட்டிக்கொண்டு பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு துடைப்பமே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஜோசுவாவோ பத்து வருடம் பிரியாணிக்கு விசுவாசமாக இருந்து வளர்த்த தொப்பையோடு பக்கவாட்டில் உள்ளே போயிருந்தான். தள்ளிவிட்டது மகள் ஜெமி. நாலு வயதாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தள்ளிய கையோடு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து வழியை அடைத்து, அதற்கு முட்டாக அரிசி மூட்டையையும் யானைக்குட்டி மாதிரி இழுத்துவந்து சாத்திவிட்டாள்.

"நகரும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைத்தான் சொல்லக் கூடாது. வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சம்பூர்ணம் மேடத்தின் சட்டம் அப்படி. தினமும் இருபது நிமிடம் விளையாட்டு. குழந்தை போகிற போக்கில் போக வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, உத்தரவு போடக் கூடாது, அவள் செய்வதைச் சின்னச் சின்ன வார்த்தையில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் அந்த நொடியே கொடுத்து, அவளுக்குப் பிடித்த பரிசு ஒன்றையும் கொடுக்க வேண்டும். ஜோசுவா ஆம்பூர் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவன். அவன் வாயிலிருந்து கேள்வியையும் உத்தரவையும் எடுத்துவிட்டால் மிச்சம் எச்சில்தான். "இன்னா தையல் இது?" என்று அவன் ஒரு சத்தம் போட்டால் வாணியம்பாடி பிளாட்பாரத்தில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். அப்பேர்ப்பட்டவன் இப்போது தாடை பீரோவில் உரச, "ஜெமி மூட்டை வெக்கிறா... ஜெமி உக்கார்றா..." என்று கிரிக்கெட் வர்ணனை செய்துகொண்டிருந்தான். கட்டில்மேல் கிடந்த செல்போனில் இருபது நிமிட டைமர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

பள்ளிக்கூடத்து சிஸ்டர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி வேணும், பாத்ரூம் போணும். இது ரெண்டயும் வாயால சொல்லிட்டா ஜூன்ல சேத்துக்கறேன்" என்றார். ஜூனுக்கு ஆறு வாரம்தான். ஜெமி சொல்லமாட்டாள். தாகம் எடுத்தால் கிடைத்த கையை மணிக்கட்டில் பிடித்து, கரண்டியைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி குடத்தடிக்கு இழுத்துப் போவாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு மரியம்மாளின் மணிக்கட்டு அரை அங்குலம் நீண்டுவிட்டதாகத் தெருவில் பேச்சு.

பரிசுதான் பாடாய்ப் படுத்தியது. நட்சத்திர ஸ்டிக்கரை நக்கிப் பார்த்துத் துப்பினாள். பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை மரியம்மாளின் கோழிமேல் ஒட்டினாள். ஒருநாள் ஜோசுவாவின் சட்டைப்பையிலிருந்து கம்பெனி அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அட்டை முழுக்க நகக்கண் அளவில் சிவப்பு அம்புக்குறிகள். ஷூவில் தையல் எங்கே பிசகியிருக்கிறதோ, தோலில் எங்கே கீறலோ, அங்கே ஒட்டுகிற அம்பு அது. அம்பு விழுந்த ஜோடி தைத்தவளிடமே திரும்பிப் போகும், அவள் பிரித்துத் தைக்க வேண்டும். ஜோசுவா இதுவரை ஒட்டிய அம்புகளை வரிசையாக வைத்தால் ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆந்திரா பார்டர் வரை போகும். பாதி அம்பு தையல் லைனில் இருந்த கிறிஸ்டினாவுக்குப் போனது. ஒருநாள் அவள் ஒன்றை உரித்து, நாற்பது பெண்கள் பார்க்க அவன் நெஞ்சில் ஒட்டி, "மொதல்ல இந்த பீஸைப் பிரிச்சுத் தையுங்க" என்றாள். மறுமாதம் கல்யாணப் பேச்சு.

அந்த அம்பில் ஒன்றைத்தான் விளையாட்டாக ஜெமியின் புறங்கையில் ஒட்டினான். அவள் அதையே பார்த்தாள். கையைத் திருப்பினால் அம்பும் திரும்பியது. பிறகு அட்டையில் விரலை வைத்து, "ஒட்டு" என்றாள். ஜோசுவா குதித்த குதியில் மேல்வீட்டு ஆபித் பாஷா தலையை வெளியே நீட்டி, "பூகம்பமா பாய்?" என்று கேட்டார். நாலே நாளில் எட்டாயிரம் 'ஒட்டு'. நடுவில், தெளிவாக, ஒரே ஒரு 'தண்ணி'.

ஐந்தாம் நாள் கிறிஸ்டினா ஓவர்டைம் இல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டாள். குழந்தையின் நெற்றியில், கன்னத்தில், முழங்காலில் எல்லாம் அம்பு. எண்ணிப் பார்க்காமலே அவளுக்கு எண்ணிக்கை தெரிந்தது.

"இன்னாய்யா இது? எம் பொண்ணு ரிஜெக்ட்டா?"

"பேசறா கிறிஸ்டி. இதுக்குத்தான் பேசறா."

"எட்டு மணி நேரம் இந்தச் செவப்பப் பாத்துப் பாத்துப் பிரிச்சுட்டு வர்றேன். ஊட்லயும் இதானா? உடம்பு பூரா பிசகுன்னு நீயே எழுதி ஒட்டுவியா?"

ஒவ்வொன்றாக உரித்தாள். ஜெமியின் கத்தல் தெருமுனை வரை போனது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். நாலு நாளாக 'ஒட்டு' இல்லை, 'தண்ணி' இல்லை. கிறிஸ்டினாவும் ஜோசுவாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மூன்று பேர் படுத்தால் காற்றுக்கு இடமில்லாத ஒற்றை அறையில் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை! ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர் எழுந்து வழிவிட வேண்டும், அதையும் வாய் திறக்காமல். இரண்டே வார்த்தை பேசி அதையும் நிறுத்தியவள், புருஷனிடம் ஒரு வார்த்தையும் பேசாதவள், கத்தத் தெரிந்தும் கத்தக் கூடாதவன். மேடத்துக்குப் போன் போட்டால், "அவளுக்குப் பிடிச்சதுதான் பரிசு, நமக்குப் பிடிச்சது இல்ல" என்கிறார். அதை யார் போய் கிறிஸ்டினாவிடம் சொல்வது? இந்தப் பீரோ இடுக்கே பரவாயில்லை என்று ஜோசுவாவுக்குத் தோன்றியது. இங்கே சுவர் எது, பீரோ எது என்றாவது தெரிகிறது.

பதினெட்டாம் நிமிடம் கதவு திறந்தது. கிறிஸ்டினா. விரல்களில் பசை காய்ந்து தோலோடு தோலாக இருந்தது. ஸ்டூலைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், இடுக்கில் தெரிந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள்.

"பீரோவுக்குப் பின்னாடி குடித்தனம் போய்ட்டியா?"

நாலு நாளில் அவனுக்குக் கிடைத்த முதல் வாக்கியம்.

"டைம் முடியல."

"எவ்ளோ?"

"ரெண்டு நிமிசம்."

அவள் மூட்டையை நகர்த்தவில்லை. பையை மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஜெமி அம்மாவைப் பார்த்தாள். மெதுவாக ஸ்டூலைச் சாய்த்தாள். அதன் அடிப்பக்கத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஏழெட்டு அம்புகள். எப்போது ஒளித்துவைத்தாள்? ஜோசுவாவின் மூச்சு பீரோவில் பட்டு அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. 'வேணாம் ஜெமி' என்று தொண்டை வரை வந்ததைச் சட்டத்துக்காக விழுங்கினான்.

ஒன்றை நகத்தால் உரித்து, விரல் நுனியில் ஏந்திக்கொண்டு அவள் கிறிஸ்டினாவிடம் போனாள்.

"ஒட்டு."

வெளியே பெங்களூர் போகிற ரயில் ஒன்று மொத்த வீட்டையும் உலுக்கிவிட்டுப் போனது. பிறகு கிறிஸ்டினா கையை நீட்டினாள். ஜெமி மணிக்கட்டில் அம்பை வைத்துக் கட்டைவிரலால் மூன்று தரம் அழுத்தினாள். பழக்கத்தில் கிறிஸ்டினாவின் கண், அம்பின் நுனி காட்டிய இடத்தில் தையலைத் தேடியது. அங்கே வெறும் கை. பசை, ஒரு பழைய ஊசித் தழும்பு.

ஜெமி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். எப்போதும் போலக் குடத்தடிக்கு இழுத்துப் போனாள். போய், நின்றாள். கட்டில்மேல் செல்போனில் டைமர் அடித்தது. யாரும் அதை அணைக்கவில்லை. கிறிஸ்டினா டம்ளரை எடுத்து இடுப்போடு வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி காத்திருந்தாள். கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

இடுக்கிலிருந்து ஜோசுவாவுக்குத் தெரிந்தது ஒரு சாண் அகலம்தான். அதில் கிறிஸ்டினாவின் கையும் சிவப்பு அம்பும் தெரிந்தன. அதற்குக் கீழே அண்ணாந்து பார்க்கும் ஒரு சின்ன முகம். உதடுகள் பிரிந்தன. நாக்கின் நுனி மெல்ல எழுந்து, 'தண்ணி'யின் 'த'வுக்குப் போவது மாதிரி மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே நின்றது.