ஆலங்குச்சி வாயும் பேஸ்ட்டு வாயும்

கிருஷ்ணப்பன் வீட்டில் விடிந்தால் சண்டை. காடு பங்கு பிரிக்கிற சண்டையா, நகைச் சண்டையா என்று கேட்காதீர்கள். பல் விளக்குகிற சண்டை! சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிப்பு வராது.

செல்லம்மாள் ஒகேனக்கல் பக்கத்துப் பெண். பாலக்கோட்டுக்கு மேற்கே இந்த வறண்ட மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய அண்ணனுக்குச் சேலத்தில் மில் வேலை. அவன் வரும்போதெல்லாம் தங்கைக்குப் பூ வாங்கி வருகிறானோ இல்லையோ, பேஸ்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்துவிடுவான். கலியாணத்துக்குப் பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மகள் கண்ணம்மாளுக்கும் பழக்கினாள். கிருஷ்ணப்பனோ ஆலம் விழுதை ஒடித்து, நுனியை மென்று நார் நாராக்கி, வரப்பில் குந்திக்கொண்டு சாவகாசமாகத் தேய்க்கிற ஆள். கரும்பை அவன் கடித்தால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட பல்.

கண்ணம்மாளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. முளைக்கும்போதே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. போகப் போக அதன்மேல் பழுப்புக் கோடுகள் இறங்கின. ஏழு வயசுப் பிள்ளைக்கு, காலமெல்லாம் புகையிலை போட்ட வாய்.

"பாத்தியா புள்ள? குச்சி புடிச்ச வாயப் பாரு, பேஸ்ட்டு புடிச்ச வாயப் பாரு. உங்கண்ணன் குடுத்த நொரையில எம் மவ பல்லு வெந்து போச்சு!"

"நானும் அந்த நொரையிலதான வெளக்குறேன்? எம் பல்லு வெந்தா போச்சு?" என்று செல்லம்மாள் பல்லைக் காட்டுவாள். மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். "உங்க குச்சியக் கண்ட எடத்துல ஒடிக்கிறீங்க. அதுல இருக்கிற அழுக்கெல்லாம் புள்ள வாயில போவுது."

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே கறைதான். ஆனால் வீட்டுக்கு வீடு பழி போட ஒவ்வொன்று வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் வெல்ல மிட்டாய், ஒரு வீட்டில் பள்ளிக்கூடத்து உப்புமா. குச்சி பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறை இருக்கிறதே என்று செல்லம்மாள் மடக்கினால், "அதுங்க எங்க ஒழுங்கா மெல்லுதுங்க? வாயில வெச்சுட்டு ஓடுதுங்க" என்று கிருஷ்ணப்பன் நழுவிவிடுவான்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு டவுனிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தாள். கை நீளத்துக்கு ஒரு பிரஷ், சட்டி அளவுக்கு ஒரு பொம்மை வாய். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து 'ஈ' காட்டச் சொன்னாள். தினமும் பல் விளக்குகிறவர்கள் ஒரு பக்கம், விளக்காத சோம்பேறிகள் மறு பக்கம். கண்ணம்மாளைச் சோம்பேறிப் பக்கம் தள்ளினார்கள்.

"நான் ரெண்டு வேளையும் வெளக்குறேங்க" என்றாள் குழந்தை.

பொய் வேறு சொல்கிறாயா என்று வாத்தியார் தலையில் ஒரு குட்டு வைத்தார். அன்றைக்கு வாய்மேல் போன கை அப்புறம் இறங்கவே இல்லை. பேசினாலும் கை, சிரிப்பு வந்தாலும் கை. பிறகு சிரிப்பே வருவதில்லை.

காலையில் அப்பன் குச்சியால் தேய்த்தான், பொழுது சாய அம்மா பிரஷ்ஷால் தேய்த்தாள். இரண்டுக்கும் கறை மசியவில்லை என்றதும் செங்கல்லை இடித்துச் சலித்து, உப்பும் கரியும் கலந்து, அதையும் போட்டுத் தேய்த்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. கண்ணம்மாள் அழவில்லை. துப்பிவிட்டு, "வெளுத்துச்சாம்மா?" என்று கேட்டாள். அடி பாவி, அப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பெற்றவள் என்ன பதில் சொல்வாள்? "வெளுக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மாட்டுத் தரகர் தஸ்தகீர் வந்தார். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த, இன்னும் ஈனாத கிடாரியை விற்கலாம் என்று கிருஷ்ணப்பன்தான் வரச் சொல்லியிருந்தான். பல் பார்க்காமல் மாட்டு வியாபாரம் உண்டா? பக்கத்தில் கட்டியிருந்த தாய்ப்பசுவின் கீழுதட்டை முதலில் இழுத்துப் பார்த்தார். தேய்ந்திருந்தாலும் வெள்ளைப் பல். அடுத்து கிடாரியின் உதட்டை இழுத்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னாங்க கிருஷ்ணப்பண்ணே, இளசுன்னீங்க? இப்பிடிக் கறை புடிச்சுக் கெடக்குது?"

"எங் கண்ணு முன்னால பொறந்தது பாய். வயசுல பொய் சொல்லுவனா?"

கைக்குழந்தையான சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற செல்லம்மாள் அருகில் வந்தாள். "பாய், இன்னொருக்கா அந்த வாயத் தொறங்க."

"உனக்கு எதுக்குத் தங்கச்சி இது?" என்று சிரித்தபடி அவர் திறந்து காட்டினார். சுண்ணாம்பு வெளுப்பு, அதன்மேல் பழுப்புக் கோடு. கண்ணம்மாளின் வாயேதான்.

பசு சந்தையில் வாங்கியது. பல்லெல்லாம் முளைத்த பிறகு இங்கே வந்தது. கிடாரி பிறந்ததிலிருந்து இந்தக் கிணற்றுத் தொட்டியில் வாய் வைத்து வளர்ந்தது. செல்லம்மாளும் பல் முளைத்த பிறகு வந்தவள்தான். அவள் தொட்டித் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

தரகர் போனதும் கேட்டாள். "ஏங்க, கெடேரிக்கு நான் பேஸ்ட்டு போட்டனா? இல்ல, நீங்க குச்சி குடுத்தீங்களா?"

"என்னா ஒளர்ற?" என்று கிருஷ்ணப்பன் வலது காதைத் திருப்பினான். இடது காது கேட்காது.

"தண்ணிங்க. நம்ம கெணத்துத் தண்ணி."

அந்தக் கிணற்றின் கதையைச் சொல்லாவிட்டால் அவன் முகம் ஏன் அப்படிச் செத்துப் போனது என்று புரியாது. செல்லம்மாள் கலியாணமாகி வந்த வருஷம், கிருஷ்ணப்பன் குடித்து வளர்ந்த ஊர்ப் பழங்கிணறு வறண்டுவிட்டது. கிருஷ்ணப்பன் தன் காட்டில் பாறையைத் தோட்டா வைத்து உடைத்து உடைத்து இறங்கினான். ஒரு தோட்டா முந்தி வெடித்ததில் காது போயிற்று. ஆனால் தண்ணீர் வந்தது, தேனாட்டம். செல்லம்மா வந்த ராசி என்று ஊர் கொண்டாடியது. பொங்கலன்று கிணற்று மேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். இப்போது ஊர் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கிறது.

"வாய மூடு. எங் காதக் குடுத்து எடுத்த தண்ணிடி அது!" என்று கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "சரி, நீ சொல்றதே நெசம்னு வெச்சுக்கிறேன். அப்ப எதக் குடிக்கிறது?"

செல்லம்மாள் வேறு நல்ல தண்ணீர் தேடிக் கிளம்பினாள். புல் அறுக்கிற சாக்கில் பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் போனாள். அங்கே கட்டியிருந்த கன்றுகளின் உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்று முட்டித் தள்ளியது. "கிருஷ்ணப்பன் பொண்டாட்டி தரகு பழகுறா டோய்!" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். எல்லாக் கிணறும் அதே பாறையில் இறங்கியவை, எல்லாக் கன்றுக்கும் அதே பல். அண்ணன் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய்விடலாம் என்றால், அண்ணிக்காரி ஒரு மாதம் சோறு போடுவாள், மறு மாதம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். காட்டை விட்டுவிட்டுக் கிருஷ்ணப்பன் எங்கே வருவான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கண்ணம்மாளின் பல் முளைத்தாகிவிட்டது, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. சின்னவன் வாயில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. அவன் வாய்க்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. செல்லம்மாளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு அவன் நாக்கில் பட விடவில்லை. தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிப் பார்த்தாள். சட்டி அடியில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்ததும் பயம்தான் கூடியது.

கிருஷ்ணப்பன் கிணற்றைக் குற்றம் சொல்ல ஒப்பவில்லை. ஆனால் சின்னவனுக்கென்று சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு சின்னாற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் கொண்டுவந்தான். தேனாட்டம் ஊறுகிற கிணற்றை வைத்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் எதற்கு என்று கேட்டவர்களிடம் பூசைக்கு என்று சொன்னான். அவனா அப்படி! அன்றோடு குச்சிச் சண்டையும் நின்றது.

சித்திரை வெயிலில் ஆற்று மணலும் காய்ந்தது. தோண்டத் தோண்ட மணல்தான். வெறுங்குடத்தோடு வந்து இறங்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பசு சினையாகிப் பால் வற்றியிருந்தது. செல்லம்மாளுக்கும் பால் குறைந்தது. சின்னவன் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டான். மத்தியானம் அழக்கூட முடியாமல் முனகினான். கண்ணீர் வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது.

கண்ணம்மாள் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்தாள். மறு கையில் பால் புகட்டுகிற சங்கு. முதல் தடவையாக வாயை மூடக் கை இல்லை.

"குடும்மா" என்றாள்.

"வேண்டாண்டி கண்ணு. இது அந்தத் தண்ணி."

"தெரியும்மா. கறைதான படும்? நான் இருக்கிறேன்ல." பழுப்புப் பல் தெரிய அவள் பேசினாள். "தம்பிக்குத் தண்ணி தவிக்குதும்மா. குடு."

செல்லம்மாள் வாசலைப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். கேட்காத காது இந்தப் பக்கம் இருந்தது. ஆனாலும் தோள் குலுங்கியது.

அவள் சங்கை வாங்கினாள். டம்ளரிலிருந்து அதில் ஊற்றிச் சின்னவன் வாயில் விட்டாள். மடக் மடக்கென்று குடித்தான். கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான். பல்லில்லாத பொக்கை வாயை அகலமாகத் திறந்து சிரித்தான். பிறகு இன்னும் வேண்டும் என்று அழ ஆரம்பித்தான்.

செல்லம்மாள் டம்ளரைச் சாய்த்துச் சங்கை மறுபடியும் நிரப்பினாள்.