உப்புக் குறைந்த தண்ணீர்

தங்கை மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் படியேறி வருவது காதில் விழுந்தும் அவள் துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், காலனியே மாடியில் நின்று துணி உதறும் நேரத்தில், ஏழாம் கிணற்றின் மேற்பார்வையாளர் தன் மனைவியின் அக்காளைத் தேடி வருகிறார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து மாடிகளில் உதறல் சத்தம் சட்டென்று அடங்கியது. பேசுவது கேட்க வேண்டாமா?

ஏழாம் கிணறு பெயருக்குத்தான் எண்ணெய்க் கிணறு. மேலே வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். அதைப் பாட்டிலில் பிடித்து வந்து, எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள். எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். பாட்டிலில் வந்ததில் பாதி உப்புகூட இல்லை. அப்படியானால் அது கீழிருந்து ஏறுவதல்ல. மேலே எங்கோ கிணற்றின் இரும்புக் குழாய் அரித்து ஓட்டை விழுந்து, மேல்மண்ணின் ஊற்றுநீர் உள்ளே இறங்குகிறது. அடைக்க வேண்டியது அங்கே. மீட்டிங்கில் எழுந்து சொன்னாள். மாப்பிள்ளை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அக்கா கிணத்துப் பக்கமே போகல போலிருக்கு. கை கழுவுற குழாயில பிடிச்சிட்டு வந்துட்டாங்க.”

இருபது பேர் சிரித்தார்கள், டீ கொண்டு வந்தவர் உட்பட. அன்றைக்கு ஒட்டியது ‘குழாயடி அக்கா’ என்ற பெயர். தங்கை வீட்டு வாண்டுகள்கூட ‘குழாயடிப் பெரியம்மா’ என்றுதான் கூப்பிட்டன. அவளும் சிரித்துக்கொண்டே அவர்கள் வீட்டுப் பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒருவராவது பயந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை மாடிக்கு வந்து கொடிக்கு அந்தப் பக்கம் நின்றார். “நாளைக்கு மூணாவது தடவையா, கீழேர்ந்து வர்ற தண்ணிய அடைக்க அடியில சிமெண்ட் இறக்குறோம்க்கா. இன்னும் கொஞ்சம் உசரமா. தலைமை ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. இதுவும் சரிவரலைன்னா கிணத்த மூடிடுவாங்க, என்னையும் சேர்த்து.”

“சரிங்க சார்.”

வீட்டு மாடியில் ‘சார்’. அவர் கொடித் துணியை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

“உங்களுக்கு என்ன தோணுது? மனசு விட்டுச் சொல்லுங்க. உங்க தங்கச்சி ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குறா.”

அந்த உயரத்துக்குச் சிமெண்ட் ஏறினால் எண்ணெய் வரும் வழியும் அடைபடும். மேல் ஓட்டை மட்டும் திறந்திருக்கும். ஒரு வரி போதும். பல்லில் கடித்திருந்த கிளிப்பை எடுத்தாள். தங்கைக்காகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும்விட்டாள்.

“குழாயடி அக்கா! உங்க துண்டு பறக்குது பாருங்க!” என்றது பக்கத்து மாடி.

மாப்பிள்ளையின் உதட்டோரம் துடித்தது. பழக்க தோஷம். உடனே அடக்கிக்கொண்டார், ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

“எனக்கென்ன சார் தோணப்போகுது? நான் பாட்டில்ல பிடிச்சிட்டு வர்றவ. வாரா வாரம் அனுப்புற ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கு.”

அதை அவர் படித்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். கிளிப்பைத் துண்டில் மாட்டினாள்.

ஐந்தாம் நாள், சிமெண்ட் இறுகி, கிணற்றை மறுபடி திறந்தபோது, தலைக்கவசம் போட்ட தலைமை ஆபீஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். அவள் மூடியைக் கழற்றிக் காலி பாட்டிலை நீட்டினாள்.

“இந்தத் தடவை நீங்களே பிடிங்க, மாப்பிள்ளை.”

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அவர் வால்வைத் திருகினார். குழாய் இருமி, துப்பி, பிறகு சீராகக் கொட்டியது. பாட்டில் நிறைந்தது. கறுப்பாய் ஒரு கோடு, ஒரு சொட்டு? ஒன்றுமில்லை. அத்தனை தெளிவு; அதன் வழியே எதிரே நின்றவர்களின் முகங்கள் நீண்டு கோணித் தெரிந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அவளுடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தங்கைதான். அதிர்ந்து, ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. மாப்பிள்ளை பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வழிந்து முழங்கை வரை நனைத்தது.

மூடி அவள் கையில் இருந்தது.