பயம் நீக்கிய கிடா

ஓசி என்று வந்துவிட்டால் இசக்கித்துரைக்குக் கண்மண் தெரியாது. குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்துப் பிழைக்கிற மனுஷன். விளம்பரத்துக்குக் கொடுக்கிற துணிப்பையைக்கூட இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்குவார். அவரிடம் போய், "ஒரு கிடா சும்மா தருகிறோம், உங்கள் மந்தையோடு வளர்த்துக் காட்டுங்கள்" என்று ஆராய்ச்சிக் கம்பெனி கேட்டால் விடுவாரா? கேள்வி முடியும் முன்னே கயிற்றோடு வந்து நின்றார்.

கிடாவைக் கொண்டுவந்து இறக்கியவள் சிவப்ரியா. சங்கரன்கோவிலில் கோயிலை ஒட்டிய தெருக்காரி. முட்டை வாசம்கூட வீட்டு நடை ஏறாத குடும்பம். சின்ன வயதில் கறிக்கடை வாசலில் ஓர் ஆடு கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கியதைப் பார்த்துவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தவள். ஊர் கறி தின்பதை நிறுத்த முடியாது என்று புரிகிற வயது வந்ததும், ஆட்டையாவது நடுங்காமல் செய்துவிடலாம் என்று அதற்கென்றே படித்தாள். கருவிலேயே மரபணுவைத் திருத்தி, பயப்படுகிற குணத்தை எடுத்துவிட்டார்கள். நாய் பாய்ந்தாலும் லாரி ஹாரன் அடித்தாலும் இந்தக் கிடா திரும்பிப் பார்க்காது. கத்தியைக் காட்டினாலும் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். சாவதை மாற்ற முடியவில்லை, சாகப்போகிற பயத்தை மாற்றிவிட்டோம் என்றாள். கருணை என்றால் சும்மாவா? அதற்குச் சம்பளம் கொடுக்கவும் ஒரு கம்பெனி இருக்கிறது.

துரையின் பெஞ்சாதி ஆறுமுகத்தாய்க்கு அதில் எல்லாம் புத்தி போகவில்லை. அவள் கவலை வேறு. மாசி மாதம் அவள் மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திருநெல்வேலியில் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரைக்கும் அவள் உயிர் அவளிடம் இல்லை. ஊர் இசக்கியம்மனுக்கு ஒரு கருப்புக் கிடா நேர்ந்துகொண்டாள். கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. வந்தும் என்ன, அம்மன் கிடாவை ஏற்றுக்கொண்டால்தான் கட்டி திரும்ப வராது என்று அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது. உலையில் அரிசி போடும்போதும் ஒரு கை தானாக மாருக்குப் போகும், தடவிப் பார்க்கும். துரை அதைப் பார்க்காத நாள் கிடையாது.

வீட்டில் கருப்பன் என்று ஒரு கருப்புக் கிடா இருந்தது. தாய் செத்த குட்டி, துரை பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தது; அவர் கக்கூஸுக்குப் போனால்கூட வாசலில் வந்து நிற்கும். அதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கம்பெனிக் கிடாவும் கருப்புதானே, ஆத்தா என்ன காதில் கிடக்கிற நம்பரையா பார்க்கப்போகிறாள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். சிவப்ரியாவுக்கும் அது தோதாகிப் போனது. வெட்டுகிற நேரத்தில் கிடாவின் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று அவளுக்குக் கணக்கு வேண்டியிருந்தது.

சித்திரையில் இசக்கியம்மன் கோயில் கொடைவிழா, மத்தியானப் பூசை. கிடாவுக்கு மாலை போட்டார்கள். மாலைக்குக் கீழே சிவப்ரியா நெஞ்சுத் துடிப்பைக் கணக்கெடுக்கிற ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, கையில் செல்போனோடு ஓரமாக நின்றாள். வெட்டுக்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் கிடா சம்மதித்துவிட்டது, அம்மன் உத்தரவும் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவைத் தொட எந்தப் பூசாரிக்கும் கை வராது. இது அங்கே பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஓசிக் கிடா கிடைத்த சந்தோஷத்தில் துரைக்கு மட்டும் மறந்துவிட்டது.

பூசாரி வேல்சாமி ஒரு செம்பு ஊற்றினார். கிடா மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைக் கடித்து மென்றது. இன்னொரு செம்பு. காதுக்குள் ஊற்றிப் பார்த்தார்கள், வாளியோடு கவிழ்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அது அடுத்த பூவைத் தேடியது. மேளம் நின்றுபோனது. குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஆறுமுகத்தாயின் கை மாருக்குப் போய்விட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. துரைக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

சிவப்ரியா முன்னால் வந்து செல்போனைக் காட்டினாள். பயத்தை எடுத்ததால் தண்ணீர் பட்டால் திடுக்கிடுவதும் அதோடு போய்விட்டது, தெய்வக் குற்றம் எதுவும் இல்லை என்று விளக்கினாள். "நெஞ்சு எவ்வளவு நிதானமா அடிக்குது பாருங்க அண்ணாச்சி. இதவிடச் சம்மதமா ஒரு ஆடு நிக்கவே முடியாது."

"பயமில்லாம நிக்குது, சரி," என்றார் வேல்சாமி. "சம்மதிச்சு நிக்குதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

ஆறுமுகத்தாய் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏ தாயி, அதுக்கு வேண்டாம்னு இருந்தா, எப்படிச் சொல்லும்?"

இத்தனை வருஷப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் சிவப்ரியாவிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. செல்போனை அணைத்துவிட்டு, மாலைக்குக் கீழே கட்டிய பட்டையை அவிழ்த்தாள்.

வேறு கிடா கொண்டுவரச் சொன்னார் வேல்சாமி. எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சாதியின் கையைப் பார்த்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கருப்பனை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேளச் சத்தம் கேட்டதும் அது அவர் சட்டைக்குள் முகத்தை நுழைக்கப் பார்த்தது. இறக்கிவிட்டதும் அவர் கால்களுக்கு நடுவில் புகுந்து நின்று, கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கியது. சிவப்ரியா எதைப் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு படித்தாளோ, அது கையெட்டும் தூரத்தில் நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பெனிக் கிடாவோ மிச்ச மாலையைத் தின்று முடித்துவிட்டு, நல்லா இருக்கிறாயா என்று விசாரிக்க வந்த உறவுக்காரனைப் போலக் கருப்பனை முகர்ந்து பார்த்தது.

வேல்சாமி செம்பைச் சாய்த்தார். ஒரு கை தண்ணீர்கூட விழுந்திருக்காது. தலையிலிருந்து வால் வரைக்கும் கருப்பன் சிலுப்பியது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது, மேளம் பிய்த்து வாங்கியது. "உத்தரவு ஆயிட்டு, அம்மன் ஏத்துக்கிட்டா" என்று ஊர் முழுக்கக் கும்பிட்டது.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ கொடையில் எத்தனையோ கிடா சிலுப்பியதைத் துரை பார்த்திருக்கிறார். தன் முழங்காலில் முட்டிக்கொண்டு ஒன்று சிலுப்புவதை இப்போதுதான் பார்க்கிறார்.

ஆறுமுகத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள். கை மாரைவிட்டு இறங்கியிருந்தது. கருப்பனையே பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இது சம்மதந்தானா?"

துரை அவளுடைய கையைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாட்டி, சம்மதந்தான்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கருப்பனின் பின்னங்கால்களை அவரே பிடித்துக்கொண்டார்.