மஞ்சள் ஜன்னலில் யாரோ

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. நீ ஏன் அந்த மூலையில் ஒதுங்கி நிற்கிறாய், நீயும்தான் வா. காலை மடக்கிக்கொண்டால் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். யாரும் யாரையும் அடிக்காத, யாரும் செத்துப்போகாத கதை. இரும்பு உடம்புக்காரர்கள் வருவார்கள், வண்ணத்தால் ஆன வெள்ளம் வரும். நடுவில் யாருக்காவது கண் சொக்கினால் சொக்கட்டும். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு பெண். அப்பா பேருந்து ஓட்டுகிறவர். அம்மாவுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கிற கம்பெனியில் வேலை. பெண் சின்னவள், அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. ஒல்லியாக இருந்ததாலும், கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் சுருக்கென்று ஏறியதாலும், அவளைக் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பேர் கொடுத்திருந்தார்கள். அது நமக்கு எதற்கு?

அம்மாவின் கம்பெனியில் குழந்தைகளுக்காக ஒரு தொடர் எடுத்தார்கள். ‘இரும்புத் தும்பிகள்’ என்று பேர். மூன்று ரோபோக்கள் அதில். ஏணியக்கா உயரமானவள்; முதுகை நீட்ட ஆரம்பித்தால் மேகம் வரைக்கும் நீட்டுவாள். மிதவை வயிறு பெருத்தவன். தண்ணீரில் மல்லாந்து படுத்தானென்றால் படகு. மூன்றாவது பொடியன். சோப்புப் பெட்டி அளவுதான் இருப்பான், தலையில் ஒரு விளக்கு. எங்கேயாவது யாராவது மாட்டிக்கொண்டு மணியை அடித்தால் மூவரும் கிளம்பிவிடுவார்கள். மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் தவித்த தபால்காரர், சேற்றில் புதைந்த லாரி, பாறை இடுக்கில் தலையை விட்டுக்கொண்ட ஆட்டுக்குட்டி என்று வாரம் ஒரு வேலை. எல்லாம் முடிந்ததும் பொடியன், “எல்லாரும் வந்தாச்சா?” என்பான். ஏணியக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, “எல்லாரும் வந்தாச்சு” என்பாள். வீட்டிலிருந்து பார்க்கிற பிள்ளைகளும் கூடவே கத்தும். கத்தினால்தான் அந்த வாரம் நிம்மதி.

கார்ட்டூனில் நகர்கிறவர்களை வரைய ஒரு கூட்டம் இருந்தது. நகராததை வரைவதற்கு அம்மா. வானம், மலை, சுவர், கூரை, ரோபோக்கள் ஓடும்போது பின்னால் சும்மா இருக்கிற ஊர், எல்லாம் அவள் கை.

“நீ வரையுறது எதுவுமே நகராதாம்மா?” என்று குண்டூசி ஒருநாள் கேட்டாள்.

“நகந்தா எனக்கு வேலை போயிடும்டி.”

தொடரின் கடைசிப் பகுதியில் ஓர் ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிடுகிறது. அம்மா அந்த ஊரை அந்தி வேளையில் வரைந்தாள். வானம் நீலம், தண்ணீர் நீலம், நனைந்த கூரைகளும் நீலம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. தெருக்கோடி வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு சொட்டு மஞ்சள் வைத்தாள். உடனே ஊர் முழுக்க மூச்சு விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அது ஏன் எரிகிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அந்தப் பகுதி டிவியில் வந்த சாயங்காலம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஊர் ஜனங்களை எல்லாம் மேட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பொடியன் கேட்டான். ஏணியக்கா, “எல்லாரும் வந்தாச்சு” என்றாள். குண்டூசி சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

“அம்மா, அங்க லைட் எரியுது.”

“அழகா இருக்குல்ல? நான்தான் போட்டேன்.”

“அதுல யாரு இருக்கா?”

“யாரும் இல்லடி.”

“யாரும் இல்லன்னா யாரு ஏத்துனது?”

அப்பாவுக்கு ஒரே குஷி. “மாட்டினியா,” என்றார் அம்மாவிடம். பிறகு போனால் போகிறதென்று காப்பாற்றவும் பார்த்தார். “அணைக்காம கிளம்பிட்டாங்க, கண்ணு. உங்கம்மா என்னைக்காவது பாத்ரூம் லைட்ட அணைச்சு பாத்திருக்கியா?”

“வெள்ளத்துல கரண்ட் இருக்காதுப்பா. நமக்கு மழைக்கே போயிடுது. அது மெழுகுவத்தி. மெழுகுவத்திய ஏத்தி வச்சிட்டு யாரும் வெளிய போக மாட்டாங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“படம்டி அது,” என்றாள் அம்மா.

“படம்னு எனக்குத் தெரியாதா? படத்துல யாரோ இருக்காங்க. விட்டுட்டு வந்துட்டாங்க.”

அன்றிலிருந்து டிவி அந்தப் படத்திலேயே நின்றது. குண்டூசி அதன் முன்னால் பாயை விரித்துக்கொண்டாள். சாப்பாடு அங்கேயே வந்தது, பாதி தட்டோடு திரும்பிப் போனது. பள்ளிக்கூடம் போகச் சொன்னால், “நான் போயிட்டா அவங்களுக்கு யாரு துணை?” என்றாள். தூங்கச் சொன்னால் படுப்பாள். கண்ணை மட்டும் மூட மாட்டாள். அசந்து மூடினாலும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

“நியூஸ் மட்டும் பாத்துட்டுத் தரேன்டா,” என்று அப்பா கெஞ்சினார்.

“பக்கத்து வீட்ல பாருங்கப்பா. அவங்க எங்கயும் போக முடியாது, நீங்க போகலாம்ல.”

அந்தப் படத்தின் வெளிச்சத்தில் கூடம் முழுக்க நீலமாகிவிட்டது. மடித்து வைத்த துணி நீலம், சுவர்க் கடிகாரம் நீலம், செருப்பு வைக்கிற பலகை நீலம். வேலை முடிந்து உள்ளே வந்த அப்பா, தன்னையறியாமல் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தார். அம்மா பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. அவளும் கதவோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள், தரையில் ஆழம் தெரியாதவள் மாதிரி.

பெண்ணின் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கை அனலாகக் கொதித்தது. இனி சும்மா இருப்பதற்கில்லை என்று அம்மா டைரக்டரிடம் போய் நின்றாள். தாடிக்காரர் அவர். பேசுவதற்கு முன் தாடியைத் தடவுவார், பேசிவிட்டும் தடவுவார்.

“ரோபோ எப்படிங்க அத கவனிக்காம போச்சு?” என்றாள் அம்மா.

“அதுங்களுக்குப் பின்னாடி இருக்கறது தெரியாதும்மா. அது உன் வேலை, இது என் வேலை. ரெண்டும் வேற வேற தாள்.” தாடியைத் தடவினார். “இதுக்கா இவ்ளோ கவலை? லைட்ட அணைச்சிடு. அவ்வளவுதானே.”

சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. மஞ்சள் இருந்த இடத்தில் நீலத்தை வைத்தாள். ஜன்னல் பக்கத்துச் சுவரோடு சுவராகக் கலந்துவிட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியில் போட்டுக் காட்டினாள். “பாரு, யாருமே இல்ல.”

குண்டூசி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. டார்ச்சோடு திரும்பி வந்து, தெருக்கோடி வீடு இருந்த இடத்தில் வெளிச்சம் அடித்தாள்.

“என்னடி பண்ற?”

“மெழுகுவத்தி தீந்துபோச்சு. இருட்டுல உக்காந்திருக்காங்க.”

வெளிச்சம் ஆடியது. டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். வெளிச்சம் ஆடாமல் நின்றது. அங்கே ஒருவர் இருக்கிறார் என்று அம்மாவுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. நான் எப்படி என்று விளக்க மாட்டேன், கண்ணுகளா. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

“ஏன்டி, அவங்க மணி அடிச்சிருக்கலாமே? அடிச்சிருந்தா வந்திருப்பாங்கல்ல,” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அவங்களுக்குக் கூச்சம்மா. கூப்பிட மாட்டாங்க. யாராவது வந்தா வரட்டும்னு உக்காந்திருக்காங்க.”

மறுநாள் அம்மா மறுபடி தாடிக்காரர் முன்னால் நின்றாள்.

“திரும்பப் போய்க் கூட்டிட்டு வரணுங்க.”

“யார?”

“மாடியில இருக்கறவங்கள.”

அவர் தாடியைத் தடவ மறந்துபோனார். “தும்பிகள நகத்தறதுக்கு இனி ஆள் இல்லம்மா. எல்லாரும் அடுத்த தொடருக்குப் போயாச்சு. ரொட்டி சுடற எலி. நாள் பூரா மீசை வரைஞ்சிட்டிருக்காங்க பாவம்.”

“நகர வேணாங்க. வெளிச்சம் மட்டும் இடம் மாறட்டும். அத நானே வரைஞ்சிடுவேன்.”

“எங்க போடறது?”

“கடைசியில நம்ம பேரெல்லாம் ஓடுமே. அதுக்குப் பின்னாடி சும்மா கறுப்புதானே இருக்கு.”

“அத யாரும் பாக்கறதில்லையே.”

“ஒருத்தி பாப்பா.”

அவர் யோசித்தார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. அது அன்று காலையில் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. “போ, வரை. எலிகிட்ட நான் பேசிக்கறேன்,” என்றார்.

அம்மா வரைந்தாள். அதே ஊர், அதே அந்தி. முதல் படத்தில் ஜன்னலில் மஞ்சள் இருந்தது. ரோபோவை வரைய அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் ஏணியக்காவைச் சுவரில் விழுந்த நிழலாக மட்டும் போட்டாள். நிழல் நகராததில்தானே சேர்த்தி. அடுத்த படத்தில் அந்த மஞ்சள், ஜன்னலை விட்டு வெளியே, நிழலின் பாதி வழியில். அதற்கடுத்ததில் தண்ணீரையொட்டி, மிதவையின் வயிற்று மேட்டின்மேல். பிறகு தெரு நடுவே. பிறகு கூரைகளைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கரையே தெரியாத நீலத்தில் ஒரு பொட்டாக. ஒவ்வொரு படமும் அடுத்த படத்துக்குள் கரைந்து போகிற மாதிரி வைத்தாள்.

ஏணியக்காவுக்குக் குரல் கொடுக்கிற அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து மைக் முன்னால் நின்று, “உள்ள இருக்கறது யாரு? ஆம்பளையா, பொம்பளையா, குழந்தையா? அது தெரிஞ்சாத்தானே பேச முடியும்,” என்றாள்.

“தெரியாதுக்கா. கூச்சப்படறவங்க. அது மட்டும்தான் தெரியும்.”

அந்த அக்கா மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். வழக்கமாக ஊரே அதிர ஏணியக்காவைப் பேசுகிறவள், அன்று காதோடு பேசினாள். “நான்தாங்க. கதவ தெறக்க வேணாம், ஜன்னல் பக்கமே நிக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல. விளக்கயும் எடுத்துக்கிட்டு, மெதுவா கால வைங்க.” முடித்துவிட்டு, தண்ணீர் வேண்டுமென்று வெளியே போனவள், நெடுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

ஒரு மத்தியானம் அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில்; கூடத்தில் மட்டும் நீலம். குண்டூசி அம்மாவின் மடியில் தலை வைத்து, டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஜன்னலில் மஞ்சள் வந்தது. “இருக்காங்க,” என்றாள்.

ஏணியக்காவின் குரல் கேட்டது. வெளிச்சம் ஜன்னலை விட்டு வெளியே வந்தது. நிழலின் பாதியில் நின்றது. அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. கூச்சக்காரர்கள் இறங்குவதற்கு நேரம் பிடிக்குமல்லவா? பிறகு தண்ணீருக்கு வந்தது.

“படகுல உக்காந்துட்டாங்களாம்மா?”

“உக்காந்துட்டாங்க.”

“கெட்டியா புடிச்சிக்கிட்டாங்களா?”

“புடிச்சிக்கிட்டாங்க.”

அடுத்த கேள்வி வரவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, விழுந்த பல்லின் ஓட்டை தெரிய, குண்டூசி தூங்கிப்போயிருந்தாள். தூங்கினாள் என்றால் அப்படியொரு தூக்கம். டார்ச் கையிலிருந்து நழுவி உருண்டதுகூடத் தெரியவில்லை. படகில் ஏற்றியாயிற்று என்றால் அவள் காவல் முடிந்தது. மீதி மிதவையின் பொறுப்பு.

அம்மா டிவியை அணைக்கக் கை நீட்டினாள்.

“இரு இரு,” என்றார் அப்பா. சோற்றுக் கை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. “கரைக்கு வரட்டும்.”

“நான் வரைஞ்சதுதாங்க. வந்துடும்.”

“நீ வரைஞ்சே, உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்ல.”

இரண்டு பேரும் பார்த்தார்கள். பேர்கள் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன: வரைந்தவர்கள், படங்களை ஒட்டிச் சேர்த்தவர்கள், சத்தம் சேர்த்தவர்கள், டீ கொண்டுவந்தவர். அத்தனை பேருக்கும் பின்னால், அகலமான நீலத்தில், ஒரு மஞ்சள் பொட்டு போய்க்கொண்டிருந்தது. நகரவில்லை, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கொஞ்சம் தள்ளி இருந்தது. தூக்கத்தில் பிள்ளைகள் வளர்கிற மாதிரி. கடைசிப் படத்தில் மேடு வந்தது. மேட்டில் ஊர் ஜனங்கள் ஏற்றி வைத்த விளக்குகள் இறைந்து கிடந்தன. பொட்டு அதில் போய்ச் சேர்ந்தது.

“இதுல எதும்மா அவங்களோடது?” என்றார் அப்பா.

அம்மா உற்றுப் பார்த்தாள். “தெரியலங்க,” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா இடது கையால் டிவியை அணைத்தார். கூடத்துக்குள் மத்தியான வெயில் மெல்ல இறங்கி, துணியையும் கடிகாரத்தையும் பலகையையும் அதனதன் நிறத்தில் திருப்பி வைத்தது. அவர் எழுந்து கை கழுவப் போனார். கால்சட்டை கணுக்காலிலேயே இருந்தது.

அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டுப் பானை குறையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் பொழுதோடு வந்து சேரட்டும். வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஒருவர் உங்களில் இருந்தால், கேட்காமலே அவர் தட்டில் பரிமாறுகிற கை அந்த வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கண் நிறையத் தூக்கம் வரட்டும். நன்றாக இருங்கள், எல்லாரும் நன்றாக இருங்கள்.