பதினொரு நிமிட இன்ஸ்டால்

அந்த மென்பொருள் அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்கு ஒரு சடங்கு உண்டு. அன்றைய வேலையைச் சோதனைக் குழுவுக்கு அனுப்பும் முன், புராஜெக்டில் இருக்கும் பேக்கேஜ்கள், அதாவது வெளியார் எழுதிவைத்த குட்டி நிரல்கள், அத்தனையையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். என்றோ ஒருநாள் பழைய பேக்கேஜ் ஒன்று உள்ளே ஒளிந்திருந்து, வாடிக்கையாளர் முன்னால் எல்லோர் மானத்தையும் வாங்கிவிட்டது. சூடு கண்ட பூனைகள் அல்லவா! அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அது அவள் தலையில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது.

அவற்றை இறக்கித் தருகிற மென்பொருளான பழைய பேக்கேஜ் மேனேஜர் ஆடி அசைந்து முடிக்கப் பதினொரு நிமிடம் பிடிக்கும். அதுவரை கம்ப்யூட்டர் வேறு எதற்கும் மசியாது. அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

அவள் கணவனுக்கு மருத்துவமனை லேபில் இரவு ஷிப்ட். காலை எட்டுக்கு அவள் கிளம்பினால் ஒன்பதுக்கு அவன் வருவான். மாலை ஏழுக்கு அவள் திரும்பினால் ஆறரைக்கே அவன் போயிருப்பான். அவளுக்கு ஞாயிறு லீவு, அன்று அவனுக்கு இரட்டை ஷிப்ட், லேபிலேயே படுத்து எழுவான். அவனுக்குச் செவ்வாய் லீவு, அன்று ஊருக்கு அம்மாவைப் பார்க்கப் போய்விடுவான். என்ன குடித்தனமோ! கேஸ் தீர்ந்தது, மாமியாரின் முழங்கால் வலி, குழாய் ஒழுகல், சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் பதினொரு நிமிடத்துக்குள்தான்.

டீம் லீடருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். மனுஷன் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பதினோரு நிமிஷமா? எல்லாரும் வேற மேனேஜருக்கு மாறி எவ்வளவோ நாளாச்சு. நீங்களே மாத்திடுங்க மேடம்."

அவள் சரியென்று தலையாட்டினாள். களைப்பில் எதற்கும் தலையாட்டும் பழக்கம் வந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மாற்றுவது லேசுப்பட்ட வேலையாக இல்லை. முதல் தடவை ஓட்டியதும் திரை வெறிச்சோடிக் கிடந்தது. தேதி காட்டும் குட்டி பேக்கேஜ் ஒன்றைக் காணோமாம். தேடிப் பார்த்தால், அதை, வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலில் யாரும் எழுதியதே இல்லை. வேறொரு பேக்கேஜ் கூட்டி வந்ததை, இவர்கள் இத்தனை நாளும் ஓசியில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழைய மேனேஜர் கண்டும் காணாமல் விட்டது. புதியது கறார்ப் பேர்வழி. பட்டியலில் இல்லையென்றால் கிடையாது. இப்படி ஒன்றல்ல, ஒன்பது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதி முடிக்க மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் அவள் வீட்டுக்குப் பேசவில்லை.

நாலாம் நாள் மூன்று மணிக்கு இன்ஸ்டாலைத் தட்டினாள். பத்தொன்பது வினாடி! அவசரம் கைதட்டினான்.

"சூப்பர் மேடம். மூணு மணி உங்களுக்கு ஃப்ரீ ஆயிடுச்சில்ல, கஸ்டமர் மீட்டிங் ஒண்ணு போட்டுட்டேன். தினமும். நாளையிலேர்ந்து."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போய் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லும்மா," என்றான் கணவன், கரகரத்த குரலில். "மூணு நாளா ஆளையே காணோம்?"

"வேலைங்க. இன்ஸ்டால் இப்ப நொடியில முடிஞ்சிடுது. மூணு மணிக்கு மீட்டிங் போட்டுட்டாங்க. இனிமே இந்த நேரத்துல பேச முடியாது."

அவன் கொட்டாவி விடுவது கேட்டது.

"சரி. அப்ப அலாரத்தை எடுத்துடவா?"

"என்ன அலாரம்?"

"மூணு மணி அலாரம்தான். நான் படுக்கவே பதினொண்ணு ஆயிடுது. அஞ்சு வரைக்கும் தூங்கலாம். நீ கூப்பிடுவேன்னு நடுவுல எழுந்துக்கறேன். இந்த மூணு நாளும் எழுந்து உட்கார்ந்துதான் இருந்தேன்."

அவள் கணக்குப் போட்டாள். நாலு வருஷம்! "மூணு மணிக்குக் குரலைப் பாரு, கும்பகர்ணன்" என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாள்! பாவி, ஒருநாள்கூட வாயைத் திறந்து சொல்லவில்லையே. தானும் கேட்கவில்லையே என்று இருந்தது.

"அலாரத்துல கை வைக்காதீங்க. போனை வச்சுடாதீங்க, இதோ வரேன்."

போனும் கையுமாக அவசரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அந்த மீட்டிங்க மூணரைக்கு மாத்துங்க. மூணு மணிக்கு எனக்கு வேலை இருக்கு."

"இன்ஸ்டால்தான் முடிஞ்சுதே மேடம். வேறென்ன வேலை?"

"என் வீட்டுக்காரர்கூடப் பேசணும்."

"அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே?"

"வீட்ல அவர் இருக்கமாட்டார் சார். நான் இருந்தா அவர் இருக்கமாட்டார்."

குரல் உடைந்துவிட்டது. பக்கத்து இருக்கைகளில் விரல்கள் நின்றன. அவசரம் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு கம்ப்யூட்டரில் காலண்டரைத் திறந்தான்.

அவள் ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள்.

"ஏங்க, மாத்திட்டாங்க."

போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். லேசான குறட்டை வந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாகக் காதில் விழாத குறட்டை. அவள் எழுப்பவில்லை, போனை வைக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.