மூன்றாவது வரிசை

போடி கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சுந்தர்ராஜின் மனைவி ஞானசெல்வி, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து பி.ஏ. படிக்கத் தொடங்கினாள். எழுபத்தைந்தாம் வருஷம் அது. மதுரையிலிருந்து தபாலில் பாடம் வரும். வருஷக் கடைசியில் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் போதும். அவள் எடுத்தது தத்துவம். ஏன் என்று கேட்டவர்களிடம், சரித்திரம் எடுத்தால் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை என்று சொல்லிவைத்தாள். அது பாதி உண்மை. பாடப்பட்டியலில் ‘குறியீட்டு அளவையியல்’ என்று ஒரு தாள் இருந்தது. அது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, கோயில் பாதிரி ஐயருக்கும் தெரியவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒன்றைப் படித்துப் பார்க்கலாமே என்ற ஆசைதான் மீதிப் பாதி.

பயமும் இருந்தது. அதனால் அந்தப் பாடக்கட்டைப் பிரிக்காமலே கடைசிவரைக்கும் வைத்திருந்து, பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஏப்ரலில்தான் எடுத்தாள்.

எடுத்த பிறகு கீழே வைக்க மனசு வரவில்லை. வாக்கியங்களை எழுத்துகளாக மாற்றச் சொன்னது பாடம். ‘மழை பெய்கிறது’ என்பதற்கு ஓர் எழுத்து. ‘தெரு நனைந்திருக்கிறது’ என்பதற்கு ஓர் எழுத்து. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடக்கும் என்று காட்ட இரண்டுக்கும் நடுவில் ‘⊃’ என்று வளைந்த ஒரு குறி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சுந்தர்ராஜ் நோட்டை எட்டிப் பார்த்தான். குதிரை லாடத்தைப் படுக்கப் போட்டு வைத்திருக்கிறாயே, இது நம் கடைச் சரக்கல்லவா என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனான்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய பயிற்சியில் முதல் கணக்கு இதுதான்: மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. இந்த வாதம் செல்லுமா?

ஞானசெல்வி யோசிக்காமல் ‘செல்லும்’ என்று எழுதினாள். பிறகு பாடத்தில் சொன்னபடி அட்டவணை போட்டாள். இரண்டும் உண்மை என்பது முதல் வரிசை. மழை உண்டு, நனையவில்லை என்பது இரண்டாவது. மழை இல்லை, ஆனால் நனைந்திருக்கிறது என்பது மூன்றாவது. இரண்டும் இல்லை என்பது நாலாவது. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. முனிசிபாலிட்டிக் குழாய் உடைந்தாலும் தெரு நனையத்தானே செய்யும்? மழை பெய்தால் நனையும் என்ற பேச்சு அப்போதும் பொய்யாகிவிடாது. ஆனால் மழை பெய்திருக்காது. எழுதியதை அழித்து ‘செல்லாது’ என்று எழுதினாள்.

எழுதிய பிறகும் ஏதோ உறுத்தியது. இதே தப்பை இதே வீட்டில் யாரோ உறுதியான குரலில் சொல்லிக் கேட்ட ஞாபகம். ஒரு மூட்டைத் துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் அது யார் குரல் என்று பிடிபட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டி, ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணிக் குடிபுகும் பிரதிஷ்டை வைத்தபோது, சுந்தர்ராஜின் ஒரே அக்கா பூமாரி வரவில்லை. தேவதானப்பட்டியில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் வைகுண்டராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். வராதது மட்டுமில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. அன்று சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது சுந்தர்ராஜ் சொன்னான்: “அக்காவுக்குக் கோபம்னா வரமாட்டாக. வரல. அப்ப கோபந்தான்.” அவர்கள் அம்மாவின் தையல் மிஷின் இந்த வீட்டுக்கு வந்துவிட்டதே, அதற்குத்தான் கோபம் என்று காரணத்தையும் அவனே கண்டுபிடித்தான். அதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு இவன் போகவில்லை. அங்கிருந்தும் யாரும் வரவில்லை. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஞானசெல்வி நோட்டை எடுத்துவந்து அவன் முன்னால் விரித்தாள். மழையையும் தெருவையும் முதலில் சொன்னாள். அவனுக்குச் சுலபமாகப் புரிந்தது. அதன் கீழேயே அக்காவின் கோபத்தையும் அக்கா வராததையும் எழுதிக் காட்டினாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

“அப்ப அக்காவுக்குக் கோபமே இல்லைங்கிறயா?”

“அதையும் நான் சொல்லல. கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாதுங்கிறேன். தெரியாமலே மூணு வருஷமா உக்காந்திருக்கோம்.”

அவன் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனான். ராத்திரி படுக்கும்போது, போய்ப் பார்ப்பதாக இருந்தால் நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் ஞானசெல்வி தேனிக்குப் போய், அங்கிருந்து பெரியகுளம் வழியாகப் போகும் பஸ் மாறி, பதினோரு மணி வெயிலில் தேவதானப்பட்டியில் இறங்கினாள். பூமாரி தோப்புக் கொட்டகையில் மாங்காய்களை ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த கூடையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே காய் பிரித்தார்கள். பிறகு ஞானசெல்வி நேராகவே கேட்டாள்.

“மதினி, அன்னைக்கு நீங்க ஏன் வரல?”

அந்த வாரம் வைகுண்டராஜுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று பூமாரி சொன்னாள். இருபத்தோரு நாள் அவன் கட்டிலை விட்டு அவள் நகரவில்லை. ஞானசெல்விக்கு ஒரே சமயத்தில் வெட்கமும் நிம்மதியுமாக இருந்தது. மூன்றாவது வரிசை சரியாகத்தான் இருக்கிறது, மழையே பெய்யவில்லை என்று நினைத்தாள்.

“அப்ப எங்க மேல உங்களுக்குக் கோபமெல்லாம் இல்லையே?”

பூமாரி கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். “கோபமில்லன்னு யார் சொன்னா? கூடப் பொறந்தவளுக்குத் தபால்ல கார்டு அனுப்பினானே, அவன் நேர்ல வந்து கூப்பிட எத்தனை நேரமாகும்? அந்தக் கார்டைப் பார்த்த அன்னைக்குப் பிடிச்ச கோபம், இன்னும் போகல.”

ஞானசெல்வி தையல் மிஷினைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதை வைத்துக்கொண்டு தான் என்ன செய்யப் போகிறோம் என்று பூமாரி கையை வீசினாள். கோபமாக இருந்தால் அக்கா வரமாட்டாள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்று ஞானசெல்வி மெதுவாகச் சொன்னாள்.

“கோபம்னா வராம இருப்பேனா? கோபம்னாத்தானே வரணும். சபை முன்னால நாலு வார்த்தை கேட்டுட்டு, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வரணும்னு சேலைகூட எடுத்து வச்சிருந்தேன். அதுக்குள்ள இந்த மனுசன் படுத்துட்டாக.”

ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே என்றதற்கு, தபாலில் கூப்பிட்டவனுக்குத் தபாலில் பதில் வேறா என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். வராதவள் ஏன் வரவில்லை என்று தம்பியே வந்து கேட்பான் என எதிர்பார்த்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் ஞானசெல்வி அதையே யோசித்தபடி வந்தாள். புருஷனின் வாதம் செல்லாது என்று அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அவன் சொன்ன முடிவு உண்மையாகிவிட்டது. அதைவிட, கோபமாக இருந்தால் வரமாட்டாள் என்ற முதல் வரியை அவளும் கேள்வி கேட்காமல் அப்படியே நோட்டில் எழுதியிருந்தாள். அந்த வரியே பொய். அது உண்மையா பொய்யா என்று எந்த அட்டவணையும் சொல்லாது. ஆளிடம் போய்க் கேட்டால்தான் உண்டு. பஸ் அல்லிநகரம் தாண்டியபோது அவளுக்குத் தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கார்டு விஷயத்தைக் கேட்டதும் சுந்தர்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். காமாலை என்றதும் எழுந்து வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றான். மச்சான் செத்துப் பிழைத்தது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று ஒரு தடவை சொன்னான்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கண் சிவந்திருந்தது. தோளில் ஒரு சாக்கு நிறைய மாம்பழம். வந்தவன் அதைப் பதமாக இறக்கிவைத்து, அடிபட்ட பழங்களைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

“என்ன சொன்னாக?” என்று கேட்டாள் ஞானசெல்வி.

“எல்லாத்தையும் சொன்னாக,” என்றான் அவன். இன்னொரு பழத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இங்கன வாராக. நல்ல அரிசியா எடுத்து வை” என்றான்.