காய்ந்த களிமண்

கிறிஸ்டினா காலையில் எழுந்தபோதே கண் எரிந்தது. பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிரசவ விடுப்பில் போன டீச்சரின் வகுப்பையும் சேர்த்து அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவன் ஆனந்த்ராஜ் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்குத்தானே எக்ஸிபிஷன்?"

"ஆமா. முடிஞ்சாப் போதும்னு இருக்கு."

அவன் படுக்கப் போனான். அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

ஒவ்வொரு வருஷமும் அறிவியல் கண்காட்சிக்குப் பெற்றோர்தான் மாடல் செய்து அனுப்புவார்கள். தெர்மாகோலில் எரிமலை, பேட்டரியில் ஓடும் காற்றாலை. அதைத் தொட்டால் பிள்ளைகளுக்கே திட்டு விழும். இந்த வருஷம், 2015-இல், தன் நாலாம் வகுப்பு அப்படிச் செய்யாது என்று கிறிஸ்டினாதான் மீட்டிங்கில் சொன்னாள். அப்போது அவளுக்குத் தெம்பு இருந்தது.

பிள்ளைகள் வீட்டிலிருந்து மண் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டி, டம்ளர்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஒன்றில் மணல், ஒன்றில் காடாம்புலியூர் முந்திரிக்காட்டுச் செம்மண், மூன்றாவதில் செவ்வந்தி என்ற சிறுமி கம்மாபுரத்திலிருந்து பையில் சுமந்து வந்த களிமண். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எது சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

முந்தின வாரம் செய்து பார்த்தபோது களிமண்ணில் தண்ணீர் சடசடவென்று இறங்கிவிட்டது. செம்மண்ணைவிட முன்னால்.

தலைமை ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் அதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"புக்குல களிமண்ணுலதான் மெதுவா இறங்கும்னு இருக்கு மேடம். கெஸ்ட் கேட்டா என்ன சொல்வீங்க?"

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும் சார்."

"அதுக்கெல்லாம் நேரம் ஏது? புக்குல இருக்கிற மாதிரி வச்சிடுங்க."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. கண்காட்சியன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே பாட்டில்களில் புது மண்ணைப் போட்டாள். மணலுக்குக் கீழே இருந்த டம்ளரில் நேராகவே தண்ணீர் ஊற்றி நிறைத்தாள். செம்மண் டம்ளரில் பாதி. களிமண் டம்ளரில் அடியில் கொஞ்சம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் வந்தது செவ்வந்திதான். பஸ்ஸில் வருகிற பிள்ளை. மேசை முன்னால் நின்று டம்ளர்களைப் பார்த்தாள்.

"மிஸ், யாரு ஊத்துனது?"

"நான்தான். போய் முகத்தைக் கழுவிட்டு வா."

விருந்தினராக வந்தவர் பரமசிவம் என்ற ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். ஐந்தாம் வகுப்பில் ஒரு அப்பா செய்துகொடுத்த, சக்கரம் சுழலும் சுரங்க இயந்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு இந்த மேசைக்கு வந்தார். வகுப்பின் இன்னொரு சிறுமி நான்சி மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அவர் தலையாட்டிவிட்டுக் களிமண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எந்த ஊர் மண்ணும்மா?"

"எங்க ஊட்டு மண்ணு சார்," என்றாள் செவ்வந்தி. "கம்மாபுரம். இதுல தண்ணி சீக்கிரம் எறங்கிடும் சார். நாங்க ஊத்திப் பாத்தோம். இது மிஸ் ஊத்தி வச்சது."

கோபாலகிருஷ்ணன் கிறிஸ்டினாவைப் பார்த்தார். அவள் முகம் சூடாகிவிட்டது. குழந்தை தப்பாகச் சொல்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் செவ்வந்தி அழக்கூட மாட்டாள், பேசாமல் தலையைக் குனிந்துகொள்வாள். அது கிறிஸ்டினாவுக்குத் தெரியும்.

"அவ சொல்றதுதான் சரிங்க சார். நான்தான் ஊத்தி வச்சேன்."

"அப்படியா? வெரி குட்," என்றார் பேராசிரியர். அவர் காதில் என்ன விழுந்ததோ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அவ்வளவுதான். கோபாலகிருஷ்ணன் போகிறபோக்கில், "பிள்ளைங்க முன்னாடி இதெல்லாம் தேவையா மேடம்?" என்றார். பரிசு சுரங்க இயந்திரத்துக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே அவளுக்குக் கூடுதல் அலுப்பாக இருந்தது.

மாலையில் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டினா பாட்டில்களைக் குப்பையில் போட எடுத்தாள்.

"மிஸ், இப்பவாச்சும் நாங்க ஊத்தட்டுமா?" செவ்வந்தி கேட்டாள். பக்கத்தில் நான்சி.

"பஸ் போயிடும்டி."

"அடுத்த பஸ்ஸு இருக்குது மிஸ்."

ஊற்றினார்கள். களிமண் கட்டிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடி டம்ளரில் விழுந்தது. "பாத்தீங்களா!" என்றாள் செவ்வந்தி. உடனே இன்னொரு டம்ளரும் ஊற்றினாள்.

இந்தத் தடவை தண்ணீர் மேலேயே நின்றது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். துணியிலிருந்து ஒரு சொட்டு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"அடைச்சுக்கிச்சா மிஸ்?" என்றாள் நான்சி.

கிறிஸ்டினா விரலால் மண்ணை அழுத்தினாள். கட்டிகள் கரைந்து, ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இடுக்கே இல்லை.

"காஞ்சிருந்தப்ப சந்துல ஓடிடுச்சு," என்றாள் மெதுவாக. "நனைஞ்சதும் மண்ணு உப்பி சந்தை மூடிடுச்சு. எனக்கே இப்பதான் தெரியுது."

"அப்போ புக்கு பொய்யில்லையா மிஸ்?"

"புக்கும் பொய்யில்ல, நீயும் பொய்யில்ல. காலையில நான் வச்சதுதான் பொய்."

செவ்வந்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் பாட்டிலிலேயே இருந்தது.

"திரும்பக் காய வச்சா மறுபடியும் ஓடுமா மிஸ்?"

கிறிஸ்டினாவுக்குக் கால் கடுத்தது. திங்கட்கிழமை திருத்த வேண்டிய பேப்பர்கள், இரண்டு வகுப்புக்கும் சேர்த்து, பீரோவில் கட்டாகக் கிடந்தன. பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தெரியலடி. ஜன்னல்ல வெயில் படற மாதிரி வை. பாக்கலாம்."